பொங்கலுக்கு அறை இல்லை

நான் பிறந்த வீட்டை ஒரு தங்கும் விடுதியாக முதன்முதலில் பார்த்தது பக்கத்து மேசைக்காரியின் செல்போனில்தான். பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் வேலை. அரையாண்டு லீவும் பொங்கல் லீவும் நெருங்கிக்கொண்டிருந்தன. குடும்பத்தோடு எங்கே போவது என்று அவள் வாரக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தாள். ஊட்டிக் குளிர் மாமியாருக்கு ஆகாது. கொடைக்கானலில் பாதிநேரம் காருக்குள்ளேயே போய்விடும். ஏற்காடு அலுத்துவிட்டது. தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஓர் ஊரை எடுப்பாள், குறை சொல்வாள், ஒதுக்கிவிடுவாள்.

அன்றைக்கு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மேடம், இதப் பாருங்களேன். எங்கெங்கயோ தேடறேன், நம்ம பக்கத்துலயே இருக்கு. கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்குக் கிட்டயாம். கிராமத்து வூடு, அவங்ககூடவே தங்கிக்கலாம். வயசான அம்மா ஒருத்தங்க விறகடுப்புல சமைச்சுப் போடறாங்க."

திரையில் என் அம்மா இருந்தாள்.

சிவப்புச் சுங்குடிப் புடவை, தலையில் கனகாம்பரம், நெற்றியில் பெரிய பொட்டு. கைம்பெண் ஆனபின் அவள் பூ வைத்து நான் பார்த்ததில்லை. வை என்று நான் சொன்னபோதெல்லாம் கையைத் தட்டிவிட்டவள். கோலம் போட்ட மண் அடுப்பின் முன்னால் ஊதுகுழலோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றிலும் புகை. படம் எடுத்தவருக்கு அந்தப் புகை அழகாகத் தெரிந்திருக்க வேண்டும். வெயில் அதில் கோடு கோடாக இறங்குகிற மாதிரி எடுத்திருந்தார்.

அம்மாவுக்கு இளைப்பு உண்டு. விறகுப் புகைதான் காரணம் என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்ன அன்றே அப்பா வீட்டுக்கு வந்து கடப்பாரையை எடுத்து அடுப்பை இடித்தார். அடுத்த வாரம் கேஸ் வந்தது. அப்பா கோபத்தில் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. அவர் இடித்த அடுப்பை யாரோ கொல்லைப்புறத்தில் புதிதாகக் கட்டியிருந்தார்கள்.

"நல்லாருக்குல்ல மேடம்?" என்றாள் அவள்.

"நல்லாருக்கு" என்றேன். அது என் வீடு, அது என் அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அடுத்த கேள்விகள் வரும்.

"ஆனா பொங்கலுக்கு எல்லா ரூமும் போயிடுச்சாம்" என்று அவளே உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த ஊருக்குப் போனாள்.

தம்பி சென்னையில் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் வேலை பார்த்தவன். ஊர் ஊராக மற்றவர்களுக்கு ரூம் போட்டுக் கொடுப்பது அவன் வேலை. அந்த நிறுவனத்தை மூடியபோது மனைவியோடு ஊருக்கு வந்தான். அப்பா போன பிறகு அம்மா தனியாக இருந்ததால் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டை மராமத்து பார்க்கிறேன் என்றான். "கோயில் பாக்க வர்றவங்க தெரிஞ்சவங்களா இருந்தா தங்கிட்டுப் போவாங்க, அவ்ளோதாங்கா" என்றான். நான் போனபோது தரை மாறியிருந்தது, கழிப்பறை வீட்டுக்குள் வந்திருந்தது, மாட்டுக் கொட்டகைக்குப் புதுக் கீற்று வேய்ந்திருந்தார்கள். நல்லதுதானே என்று நினைத்தேன். அந்த மாட்டுக் கொட்டகையை இப்போது "குடில்" என்று போட்டிருந்தான். அப்பா கடைசியாகப் படுத்திருந்த அறைக்கு "ராஜேந்திரன் அறை" என்று பெயர். அப்பாவின் பெயர் அதுவல்ல. அது சோழ ராஜாவின் பெயர்.

பொங்கலுக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது தம்பி போன் பண்ணினான்.

"அக்கா, இந்தத் தடவ பொங்கலுக்கு வராத. எல்லாமே புக் ஆயிடுச்சு. கிராமத்துப் பொங்கல் பாக்கணும்னு பெங்களூர்லேருந்து, மெட்ராஸ்லேருந்தெல்லாம் வராங்க. நீ ஒரு வாரம் கழிச்சு வாயேன், ஃப்ரீயா இருக்கலாம்."

"நான் வந்தா எனக்கு எதுக்குடா ரூமு? அம்மாகூடப் படுத்துக்கறேன்."

"அம்மாவே எங்க படுக்கறாங்கன்னு..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினான். பிறகு, "புரிஞ்சுக்கக்கா. சீசன் இது" என்றான்.

கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பொங்கலன்று பிறந்த வீடு என்பது என்ன என்று நான் அவனுக்கு விளக்க வேண்டியதில்லை. எனக்குப் பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு வருஷா வருஷம் பஸ் ஏறி வந்தவன் அவன். கரும்புக் கட்டை பஸ்ஸில் ஏற்ற விடாத கண்டக்டரோடு சண்டை போட்டு, அந்தக் கதையை என் வாசலில் நின்றே சொல்லிச் சிரித்தவன். இப்போது சீசன் என்றான்.

பொங்கலன்று வீட்டிலேயே குக்கரில் பொங்கினேன். என் கணவருக்குக் கரும்பு ஆலையில் வேலை. அரவை நேரத்தில் அவருக்குப் பண்டிகையும் கிடையாது, லீவும் கிடையாது. அவர் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "மனசு கேக்கலன்னா போயிட்டு வந்துடேன். உன் அம்மாவப் பாக்க யார்ட்ட கேக்கணும்?" என்றார். அது போதுமாக இருந்தது. மாட்டுப்பொங்கலன்று காலையில் கிளம்பிவிட்டேன். கைப்பையில் அம்மாவுக்கு இளைப்புக்கு இழுக்கும் மருந்து. நான்தான் வழக்கமாக வாங்கிக் கொடுப்பது.

அரியலூர் வரை சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, அங்கிருந்து ஜெயங்கொண்டம் போய், டவுன் பஸ் பிடித்து இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. எங்கள் தெரு முனையில் கோயில் விமானத்தின் படம் போட்ட ஒரு போர்டு வழி காட்டியது. என் வீட்டுக்கு எனக்கு. வாசலில் மூன்று கார்கள். மாவிலை, கரும்பு, வைக்கோல் பிரி சுற்றிய ஒரு மாட்டு வண்டி. அந்த வண்டி எங்களுடையது அல்ல. எங்களுக்கு வண்டியே இருந்ததில்லை.

தம்பி மனைவி என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணில் இல்லை.

"வாங்க அண்ணி, வாங்க. சொல்லாமக் கொள்ளாம... சாப்டீங்களா? பின்பக்கமா வந்துடுங்களேன். முன்னாடி கெஸ்ட்டுங்க போட்டோ எடுத்துட்டு இருக்காங்க."

அவள் கெட்டவள் இல்லை. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது புடவையைப் பார்த்தாலே தெரிந்தது. நான் சந்து வழியாகப் போனேன். துவைத்த தண்ணீர் ஓடும் அந்தச் சந்தில் மட்டும் எதுவும் மாறவில்லை. விருந்தாளிகள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

கொல்லையில் மாட்டுப் பொங்கல் நடந்துகொண்டிருந்தது. அப்பா இறந்த வருஷமே மாடுகளை விற்றாகிவிட்டது. மேலத் தெருவிலிருந்து ஒரு பசுவையும் கன்றையும் ஓட்டி வந்து கட்டியிருந்தார்கள். மாட்டுக்காரர் ஓரமாக, போட்டோவில் விழாதபடி, தோளில் துண்டோடு நின்றார். நகரத்துக் குழந்தைகள் பசுவின் கொம்பில் பலூன் கட்டினார்கள். பசு பொறுமையாக இருந்தது.

அம்மா அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். படத்தில் பார்த்த அதே சுங்குடி. விறகு சரியாகக் காயவில்லை போல, புகை சுருண்டு சுருண்டு அவள் முகத்தில்தான் அடித்தது. அவளைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் விருந்தாளிகள். அவள் பேசிக்கொண்டிருந்தாள். நடுநடுவே இருமினாள், இருமலைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டு மறுபடி பேசினாள். அப்பா பெண் பார்க்க வந்தபோது முந்திரித் தோப்பில் வழி தவறிப்போன கதை. அந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. அப்படி ஒன்று நடந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அம்மாவின் முகம் பளபளவென்று இருந்தது.

நான் தண்ணீர்ச் செம்பு வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நாற்காலியிலிருந்து ஒரு பெண் திரும்பி, "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்களேன்" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். ஊற்றிக் கொடுத்தேன். "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, உங்களுக்கு எத்தன பசங்க?"

"ரெண்டு. ஒரு பொண்ணு, ஒரு பையன்."

"பொண்ணு பொங்கலுக்கு வரலியா?"

அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. "எங்கம்மா வர்றது? அவ கனடாவுல இருக்கா. போன்லதான் பாத்துக்கறது. அங்க ஒரே பனியாம்."

"அய்யோ பாவம்" என்றாள் அந்தப் பெண். குனிந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். புகையா வேறெதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. துடைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் என்னைப் பார்த்தாள்.

அவள் முகத்தில் நான் பார்த்தது வெட்கம் இல்லை. பயம். நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்தாள். நான் செம்பை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அம்மாவின் இடத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமானது. முன்பு நெல் மூட்டை அடுக்கிவைக்கும் சின்ன அறையில் அவளுடைய கட்டிலைப் போட்டிருந்தார்கள். கூடவே விருந்தாளிகளுக்கான தலையணைகள், போர்வைகள், சோப்பு டப்பாக்கள். சுவரில் அப்பா படம். கூடத்தில் இருந்த படத்தைத் தம்பி இங்கே கொண்டுவந்து மாட்டியிருந்தான். கூடத்தில் அந்த ஆணியில் இப்போது ஒரு தஞ்சாவூர்த் தட்டு தொங்கியது.

பொங்கல் பரிமாறி முடித்துவிட்டு அம்மா வந்தாள். வந்து கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். மருந்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு முறை இழுத்துக்கொண்டாள்.

"நான் எப்பம்மா கனடா போனேன்?" என்றேன்.

"கத்தாதடி. அவங்களுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்."

"இங்கருக்கற பெரம்பலூர்ல இருக்கான்னு சொன்னா, அப்பறம் ஏன் பொங்கலுக்கு வரலன்னு கேக்கறாங்க. மொதல்ல வந்தவங்ககிட்ட அப்படித்தான் சொல்லித் தொலைச்சேன். அவங்க உன் தம்பிய ஒரு மாதிரி பாத்தாங்க. அதுலேருந்து கனடான்னு சொல்லிடறது. அதுக்கு மேல யாரும் கேக்கறதில்ல."

"அவன் சொல்லிக் குடுத்தானா?"

"நானாதான் சொன்னேன். கீழத் தெருவுல ஒருத்தரு மவ கனடாவுல இருக்கால்ல, அத வச்சுச் சொன்னேன்." குரலில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

"அப்பா இடிச்ச அடுப்பும்மா அது."

"தெரியும். அவரு இருந்தா இதையும் இடிச்சிருப்பாரு. இல்லையே." அப்பா படத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீ வந்தா மாத்தர போட்டியா, பிரஷர் பாத்தியான்னு கேக்கற. கேட்டுட்டுப் போயிடற. இவங்கதான் உக்காந்து, அப்பறம் என்னாச்சும்மா, அப்பறம் என்னாச்சும்மான்னு கேக்கறாங்க. எங்கிட்ட அப்படி யாருடி கேட்டா?"

எனக்குப் பதில் இருந்தது. நிறைய இருந்தது. அவளுடைய மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சொல்ல முடியவில்லை.

தம்பி வாசல் நிலையில் வந்து நின்றான். கையில் யாருடைய காரின் சாவியோ இருந்தது.

"வராதன்னு சொன்னேன்லக்கா."

"அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்."

"கூட்டிட்டுப் போ. நான் வேணாங்கல. கேளு, வராங்களான்னு." உள்ளே வந்து கதவைச் சாத்தினான். "மெட்ராஸ்ல ரூமுக்குள்ளயே உக்காந்திருந்தேன், தெரியுமா உனக்கு? வேல போச்சுன்னு வெளிய சொல்ல முடியாம, டெய்லி காலைல சட்ட போட்டுட்டுப் போயி பார்க்ல உக்காந்திருந்தேன். இந்த வூடு ஒண்ணுதான் இருந்துச்சு. நான் இத விக்கல. இடிக்கல. நாலு பேரு வந்து பாக்கற மாதிரி பண்ணியிருக்கேன். நீ என்னமோ நான் கொல பண்ணிட்ட மாதிரி வந்து நிக்கற."

பார்க் விஷயம் எனக்குத் தெரியாது. அவன் சொன்னதில்லை. அவன்மேல் இரக்கம் வந்தது. ஆனால் பக்கத்தில் அம்மாவின் நெஞ்சு விசில் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இரக்கம் அதோடு நின்றுவிட்டது.

"அடுப்ப மட்டும் நிறுத்துடா. கேஸ்ல சமைக்கட்டும்."

"கேஸ்ல சமைக்கறதப் பாக்க யாருக்கா இவ்ளோ தூரம் வருவா?" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டான்.

அம்மா நடுவில் புகுந்தாள். "நாளைக்கு வர்றவங்க அதிரசம் கேட்டிருக்காங்க. நான் எங்கயும் வர்ல. நீ சாப்ட்டுட்டு, வெளிச்சத்தோட பஸ் ஏறு."

சாப்பிட்டேன். விருந்தாளிகள் எழுந்துபோன பிறகு அதே வாழையிலைப் பந்தியில் தம்பி மனைவி எனக்குப் பரிமாறினாள். பொங்கல் புகை வாசனையோடு நன்றாகவே இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மாசி மாதம் தம்பியிடமிருந்து போன் வந்தது. அம்மாவுக்கு மூச்சு முட்டி அரியலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போய்க் கூட இருந்தேன். அவன் தினமும் சாயங்காலம் வந்தான். கட்டிலின் கால்பக்கம் நின்றான். நர்ஸம்மா, "இந்த வயசுல விறகடுப்பா? வூட்ல கேஸ் இல்லையா?" என்று என்னைத்தான் திட்டினார். ஆக்சிஜன் குழாய் போட்ட முகத்தோடு அம்மா என்னைப் பார்த்தாள். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அங்கிருந்து நேராக அவளைப் பெரம்பலூருக்கு என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். தம்பி தடுக்கவில்லை. ஜெயித்துவிட்டதாக நான் நினைத்தேன்.

எங்களுடையது மாடி வீடு. காலையில் அவர் ஆலைக்கு, நான் கல்லூரிக்கு. அம்மாவுக்குச் சாப்பாட்டை மூடி வைத்து, டிவி ரிமோட்டைக் கையில் கொடுத்து, கேட்டைப் பூட்டிக்கொண்டு போவேன். மூச்சு சரியாகிவிட்டது. முகமும் தெளிந்தது. ஆனால் காலையிலேயே குளித்து, நல்ல புடவை கட்டி, தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டு பால்கனியில் போய் உட்கார்ந்துவிடுவாள். கீழே தெருவில் யாராவது மேலே பார்த்தால் சிரிப்பாள். அவர்கள் சும்மா பார்த்திருப்பார்கள், நடந்துபோய்விடுவார்கள்.

"இங்க யாருமே வரமாட்டாங்களாடி?" என்று ஒருநாள் கேட்டாள்.

"யாரு வரணும்?"

"சும்மா கேட்டேன்."

நான் முயற்சி செய்தேன். சாயங்காலம் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா முந்திரித் தோப்புல வழி தவறின கதையச் சொல்லும்மா" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஒனக்கு எதுக்கு அதெல்லாம்? போயி மூஞ்சியக் கழுவிட்டு வா, களைச்சுப்போயி வந்திருக்க" என்றாள். என்னிடம் அவள் அம்மா. அம்மாக்களுக்குக் கதை சொல்ல நேரம் இருந்ததில்லை. விருந்தாளிகளிடம் மட்டும்தான் அவள் வேறு யாரோவாக இருந்தாள். அந்த வேறு யாரோவை அவளுக்குப் பிடித்திருந்தது. என் வீட்டில் அந்த வேறு யாரோவுக்கு இடம் இல்லை.

வெயில் காலம் முடியும் முன்பே தம்பி காரோடு வந்தான். அவன் வருவது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. துணிப்பை தயாராக இருந்தது, சுங்குடிப் புடவை கட்டியிருந்தாள்.

"சமையலுக்கு வேற ஆள் போட்டாச்சுக்கா. அம்மா அடுப்புக்கிட்டயே போக வேணாம். தள்ளி நாற்காலி போட்டு உக்காந்து பேசிட்டு இருந்தாப் போதும். எல்லாரும் அம்மாவத்தான் கேக்கறாங்க" என்றான்.

"போகாதம்மா" என்றேன். கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னேன்.

அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டே, "நீ வேலைக்குப் போயிடற. அவனுக்கு வேலையே நான்தான்" என்றாள்.

படியில் இறங்கும்போது கைப்பிடித்து விட்டேன். காரின் முன் சீட்டில் உட்கார்ந்து, சீட் பெல்ட்டைத் தானே போட்டுக்கொண்டாள். அதற்குள் அதெல்லாம் பழகியிருந்தது.

அடுத்த பொங்கலுக்குத் தம்பி மறுபடி போன் பண்ணினான். கடைசி நேரத்தில் யாரோ வரவில்லையாம். "ராஜேந்திரன் ரூம் காலியா இருக்குக்கா. நீயும் மாமாவும் வாங்க. உங்களுக்குன்னு வச்சிருக்கேன்" என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான். அவன் மனதில் அது பெரிய உபசாரம். அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. செட்டிகுளத்தில் அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டோம். அங்கே அவர்கள் மாடுகள் இருந்தன, அவர்கள் பொங்கல் பொங்கியது. நான் மருமகளுக்குரிய இடத்தில் நின்று எல்லாம் செய்தேன்.

மத்தியானம் அம்மா போன் பண்ணினாள். பின்னால் ஒரே பேச்சுச் சத்தம், குழந்தைகள் கத்தல், யாரோ வந்து வந்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு நடுவிலிருந்து பேசுகிறாள்.

"பொங்கல் நல்லபடியா ஆச்சுங்களா? சாப்டீங்களா?" என்றாள்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. என்னைப் பெற்றதிலிருந்து அவள் வாயில் எனக்கு 'ங்க' வந்ததே இல்லை. அவளுக்கும் தான் சொன்னது கேட்டிருக்க வேண்டும். சட்டென்று சிரித்தாள்.

"பழக்கமாப் போச்சுடி" என்றாள்.

"சாப்ட்டேம்மா" என்றேன்.

"சரி வச்சுடவா? கூப்டறாங்க."

வைத்துவிட்டாள். அண்ணன் மனைவி கொல்லையிலிருந்து, மாட்டுக்கு வைக்கப் பழத்தட்டை எடுத்து வரச் சொல்லிக் குரல் கொடுத்தார். எடுத்துக்கொண்டு போனேன்.